நாலாம் பம்படியில் கிருபா விழுந்த கதை

1

இன்று காலை ஓர் இளைஞன் பால் போத்தலோடு பம்படிக்கு வந்தான். பிளாஸ்டிக் போத்தல், அடியில் இன்னும் பால் ஒட்டியிருந்தது. கார் தெருமுனையில் நின்றுவிட்டதாம், ஒரு பவுணுக்குப் பெற்றோல் அடித்தால் போதுமாம். ஏலாது, கடைக்குள் பெற்றோல் கேன் இருக்கிறது, அதை வாங்கி அதற்குள் அடி என்றேன். அவன் போத்தலை என் நெஞ்சுக்கு எறிந்து, என் தாயைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா செத்துப் பல காலம், அவவுக்குக் கேட்டிராது. எனக்குக் கேட்டது. இரண்டு வருடத்துக்கு முந்திய நான் என்றால் துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். இன்று குனிந்து போத்தலை எடுத்துக் குப்பையில் போட்டேன். 

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். லண்டனில் நீங்கள் எந்தப் பெற்றோல் செட்டுக்குள் நுழைந்தாலும் கல்லாவில் நம்மவர் ஒருவர் நிற்கக்கூடும். நானும் அப்படி ஒருவன். பரிஸ் நகரில் சில வருடம் கோப்பை கழுவி, பிறகு இங்கே வந்து, இப்போது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு செட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். 'மாமாவுக்கு லண்டனிலை பெற்றோல் செட் இருக்கு' என்று ஊரில் கலியாணம் பேசுகிற இடத்தில் சொல்கிறார்களாம். சொல்லட்டும். பெற்றோல் கம்பனியுடையது, நிலம் வேறொருவருடையது, எனக்குச் சொந்தமானது நின்று நின்று வந்த நாரிப்பிடிப்பு மட்டும்தான்.

போன வருடம் இதே நாட்களில் இந்த இடத்தில் இரத்தம் சிந்தியது. உங்களில் பலர் அதைத் தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். வீடியோவில் இருப்பது கால்வாசிதான். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

2

ஃபெமி என்னிடம் வேலைக்கு வந்து அப்போது நாலைந்து வருடமாகியிருந்தது. நைஜீரியாக்காரன், நாற்பது வயது, கல்லாவில் நிற்பவன். கழுத்திலிருந்து இடது முழங்கை வரை தோல் உருகிச் சுருண்டு இறுகியிருக்கும். கொதிக்கிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். நான் கேட்கவில்லை. நம்மிடமும் கேட்கக்கூடாத தழும்புகள் உண்டு.

ஆனால் அவனுடைய நாட்டைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டான். ஆங்கிலத்தில் அவன் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன். "பாஸ், எங்கடை ஊரிலை நிலத்தைக் கிண்டினால் எண்ணெய். ஆத்திலை எண்ணெய் மிதக்கும், அதுக்கு மேலை செத்த மீன் மிதக்கும். எண்ணெய்க் கிணத்தடியிலை வாயுவை விடிய விடிய எரிய விடுவாங்கள். அந்த வெளிச்சத்திலைதான் நாங்கள் சாப்பிடுறது. வீட்டிலை கரண்ட் இல்லை."

மசகெண்ணெய் கப்பலேறிப் போகும். நாட்டில் இருக்கிற சுத்திகரிப்பு ஆலைகள் துருப்பிடித்துக் கிடக்கும். திருத்துவதற்கு ஒதுக்கிய காசு ஆலை வாசலையே காணாது. பிறகு தங்கள் எண்ணெயையே பெற்றோலாக வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்குவார்கள். அதற்கு ஒரு மானியம், அந்த மானியத்தில் ஒரு களவு. களவை நிறுத்தப்போகிறோம் என்று மானியத்தை நிறுத்தினால் பஸ் இல்லை, மாவின் விலை மரத்தில் ஏறிவிடும். களவு மட்டும் நிற்காது. ஃபெமி ஓர் எண்ணெய்க் கம்பனியில் கணக்கு எழுதியவன். கம்பனி எண்ணெய் எடுக்கும், அவன் வேலை முடிந்து போய்ப் பெற்றோல் வரிசையில் நிற்பான். வரிசையில் அடிபாடு, கத்திக்குத்து. ஒருநாள் தனக்கு முன்னால் நின்றவனை அடித்தே கொன்றார்கள் என்றான்.

எங்கள் நாட்டில் டொலர் இல்லாமல் எல்லோரும் பெற்றோல் வரிசையில் கிடந்தபோது, 'எங்களுக்கும் ஒரு எண்ணெய்க் கிணறு இருந்தால் தப்பியிருப்போம்' என்று நண்பர் ஒருவர் எனக்கு எழுதினார். அவரை ஃபெமியோடு ஒரு தேத்தண்ணி குடிக்கவைக்க ஆசை. கிணறு இருந்தால் அதையும் விற்றுத் தின்றிருப்பார்கள், அவ்வளவுதான்.

தழும்பின் கதையை அவனாகத்தான் சொன்னான். அங்கே வீட்டுக்கு வீடு ஜெனரேற்றர். பெற்றோல் எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் கிடைக்கிறபோது பிளாஸ்டிக் கேன்களில் வாங்கி வீட்டுக்குள் அடுக்குவார்கள். எல்லோரும் செய்வதுதான், அவனும் செய்தான். ஒரு கேனில் வெடிப்பு. கரண்ட் நின்றது, யாரோ மெழுகுதிரி கொளுத்தினார்கள். அவனுடைய மூத்த மகளுக்கு அப்போது நாலு வயது. கையிலே தூக்கிக்கொண்டுதான் வெளியே ஓடி வந்தான். "கையிலைதான் இருந்தவள் பாஸ்," என்றான். செத்துப்போன பிள்ளையின் பெயரை அவன் சொல்லவில்லை.

3

இனி மற்றவன். என் மனைவி மாலினியின் தமையன் கிருபா, லண்டனிலேயே வால்தம்ஸ்டோவில் இருக்கிறான். சாமத்தியவீடு, பிறந்தநாள் போன்ற கொண்டாட்டம் என்றால் றோல்ஸ், கட்லட் செய்து கொடுப்பது தொழில். நல்லவன், வாய் மட்டும் கெட்டது. முன்பற்கள் இரண்டு இல்லை. கட்டச் சொல்லி எல்லோரும் சொல்லிக் களைத்துவிட்டோம்.

யுத்தத்தில் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலைத் தடுத்து வைத்திருந்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. நாலு துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடினோமே, அந்தக் காலம். கிருபாவின் தகப்பனுக்கு நெஞ்சுநோ வந்தது. அயலில் கார் இருந்தது, காருக்குப் பெற்றோல் இல்லை. மாட்டுவண்டிலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மனிதர் முடிந்துபோனார். அதற்குப் பிறகுதான் கிருபா வவுனியாப் பக்கமிருந்து பெற்றோல் கடத்தத் தொடங்கினான். தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குள் ஊற்றிக் கொண்டுவருவான். ஒரு சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தித் திரும்பவும் அடித்தார்கள். தாடை கிழிந்து தொங்கியபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அதே சிப்பாய் கட்டிலடியில் நின்றான். டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். கிருபா, "விழுந்திட்டன்" என்றான். டொக்டருக்குக் கண் இருந்தது. என்றாலும் விழுந்ததாகவே எழுதினார்.

போன வருடம் இங்கே ஒரு கதை கிளம்பியது. எங்கோ கப்பல் மறிபட்டதாம், லண்டனில் பெற்றோல் முடியப்போகிறதாம். எல்லோருடைய தொலைபேசியிலும் ஒரே செய்தி. காலை ஒன்பது மணிக்கு எங்கள் செட்டிலிருந்து வரிசை பெரிய வீதிவரை போனது. லண்டன் வெள்ளைக்காரர் வரிசையில் நிற்பதில் கெட்டிக்காரர் என்று ஊரில் சொல்வோம். ஒரு நாள் பெற்றோலை நிறுத்திப் பாருங்கள். ஒருவன் வேறொருவன் கண்ணாடியை இரும்புக்கம்பியால் உடைத்தான். ஒரு பெண் இன்னொருத்தியின் தலைமயிரைப் பிடித்துக் காருக்கு வெளியே இழுத்தாள். நான் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்று கத்தினேன். ஃபெமி உள்ளே கல்லாவில்.

கிருபா தன் வெள்ளை வானை நாலாம் பம்பில் கொண்டுவந்து விட்டான். நம் நாட்டில் வெள்ளை வான் என்றால் ஆளைக் கடத்த வருகிறது என்று பயம். இங்கே குழாய் திருத்துபவனும் அதில்தான் போவான். எனக்குக் கையைக் காட்டினான், நானும் காட்டினேன். அவனுடைய வான் டீசல் வான். கல்லாத் திரையிலோ நாலாம் பம்பில் பெற்றோல் ஓடிக்கொண்டிருந்தது, நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. அதை ஃபெமி கவனித்தான். வானின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பலகாரத்துக்கு வாங்கிய எண்ணெய்க் கேன்கள், குடிதண்ணீர்ப் போத்தல்கள். கிருபா ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தான்.

ஃபெமி எல்லாப் பம்பையும் நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு வெளியே பாய்ந்தான். பம்புகள் செத்தன. எனக்கு முன்னால் நின்றவன் காரணம் கேட்கவில்லை, என் வாயில் குத்தினான். நான் இரத்தத்தைத் துப்பிக்கொண்டு திரும்பியபோது ஃபெமி கிருபாவின் கையிலிருந்த குழாயை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கிருபா விடவில்லை. ஒரு சொல்லைச் சொன்னான். அதை நான் இங்கே எழுதமாட்டேன். கறுப்பு மனிதரைப் பற்றி நாம் எல்லோரும் வீட்டில் சாதாரணமாகச் சொல்கிற அதே சொல்தான், உங்களுக்குத் தெரியும். சொல்லிக்கொண்டே மற்றக் கையால் ஃபெமியின் கழுத்தை, அந்தத் தழும்பை, பிடித்துத் தள்ளினான்.

ஃபெமி அடித்தான். மூக்கு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. நண்டுக்காலைப் பல்லில் வைத்துக் கடிக்கும்போது வருமே, அதே சத்தம். கிருபா பின்னால் சரிய, வானின் விளிம்பிலிருந்த போத்தல் கவிழ்ந்து பெற்றோல் அவன் மடியில் கொட்டியது. அவன் விழுந்த பிறகும் ஃபெமி காலால் உதைத்தான். உதைத்துக்கொண்டே அழுதான்.

அவ்வளவும் வீடியோவில் இருக்கிறது. இல்லாதது இது. படம் எடுக்க நெருங்கி வந்தவர்களில் ஒருவன் வாயில் எரிகிற சிகரெட் வைத்திருந்தான். கிருபா பெற்றோலில் ஊறிக் கிடந்தான். ஃபெமி அவனை விட்டுப் பாய்ந்து, அந்தச் சிகரெட்டை வாயிலிருந்து பிடுங்கித் தன் உள்ளங்கைக்குள் வைத்துக் கசக்கினான். எங்கள் கமராவை வானின் கதவு மறைத்துவிட்டது. தொலைபேசிப் படங்கள் எல்லாம் உதையோடு முடிந்துவிட்டன.

4

பொலிஸ் வந்து ஃபெமிக்கு விலங்கு போட்டது. அவன் தன் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் அது. ஒருவனை அடித்ததாகக் குற்றம் பதிவானால் விண்ணப்பம் போச்சு. மனைவி, இங்கே பிறந்த சின்ன மகன், எல்லோரும் அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். விலங்கோடு காரில் ஏறும்போது, "பாஸ், என்ரை வைஃபுக்குச் சொல்லுங்கோ, ரோட்டிலை போற ஆக்கள் சொல்லித் தெரிஞ்சுகொள்ள விடாதேங்கோ," என்றான்.

ஒரு பொலிஸ்காரப் பெண் என் வாக்குமூலத்தை எடுத்தாள். மரியாதையான பிள்ளை. தண்ணீர்ப் போத்தலுக்குள் பெற்றோல் அடித்ததற்காக ஒருவர் மூக்கை உடைக்கலாமா என்று கேட்டாள். ஏலாது என்றேன். உடைத்தாரா? ஓம் என்றேன். சிகரெட் கதையைச் சொன்னேன். அந்தச் சிகரெட்காரர் எங்கே என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்? கிருபா சொன்ன சொல்லையும் சொன்னேன். அதற்கு ஆங்கிலம் தேட நான் கஷ்டப்படவில்லை. பாதிக்கப்பட்டவர் வழக்கை விரும்புகிறாரா என்பது முக்கியம், அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரிடமும் வாக்குமூலம் எடுப்போம் என்றாள்.

பாதிக்கப்பட்டவர் மிகவும் விரும்பினார். "மச்சான், அவனை இந்த நாட்டிலை இருக்கவிடமாட்டன்," என்று மூக்கில் கட்டோடு சொன்னான். ரொறன்ரோவிலிருந்தும் பரிசிலிருந்தும் சொந்தக்காரர் என்னைத் தொலைபேசியில் ஏசினார்கள். சொந்த மச்சானை ஒருவன் போட்டு அடிக்க நின்று பார்த்தவன் நான். பிறகு பொலிசுக்கு முன்னால் மச்சானையே காட்டிக்கொடுத்தவன். காட்டிக்கொடுத்தவன் என்றால் நம்மவர் வாயில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாலினி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு மேசையில் இருக்கும், சொல் இருக்காது.

மகள் அபிராவுக்குப் பதினெட்டு வயது. அவள்தான் அந்த வீடியோவை வீட்டில் முதலில் பார்த்தவள். அப்பா, அம்மா, மாமா என்ற சொற்களைத் தவிர அவளிடம் மிஞ்சியிருப்பது ஆங்கிலம். "அப்பா, கிருபா மாமா ஒரு நடமாடும் குண்டு செய்துகொண்டிருந்தார். அதைத் தடுத்தவரை நாடு கடத்தப் பார்க்கிறீர்கள். நீங்கள் எல்லோரும் அகதியாகத்தானே வந்தீர்கள்?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போனாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் வந்தது.

5

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாலினி, "அண்ணையைப் பாக்கப் போறன், காரை எடுங்கோ," என்றாள். ஒரு கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வசனம். நானும் போனேன். அந்தப் பொலிஸ்காரப் பெண் மறுநாள் கிருபாவிடம் வாக்குமூலம் எடுக்க வருவதாக இருந்தது. வழக்கை விடச் சொல்லி இன்னொருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

கதவைத் திறந்ததும் எனக்கு மணந்தது. இருபது வருடம் பெற்றோலோடு வேலை செய்கிறவனுக்கு அந்த மணம் பழக்கம். என் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். மாலினி நினைக்கவில்லை.

"என்ன மணக்குது அண்ணி?"

"அது கொஞ்ச நாளாய் மணக்குது. இவற்ரை உடுப்பாக்கும்," என்றாள் கிருபாவின் பெண்சாதி. லண்டன் வீடுகளில் சாமியறைக்கு ஏது இடம்? மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள்தான் முருகனும் பிள்ளையாரும். அவள் அப்போதுதான் அதைத் திறந்து விளக்குக் கொளுத்திவிட்டு நின்றாள்.

படங்களுக்குக் கீழே ஒரு சிவப்புத் துணி தொங்கியது. மாலினி அதை விலக்கினாள். உள்ளே எண்ணெய்க் கேன்கள், தண்ணீர்ப் போத்தல்கள், எல்லாம் முட்ட முட்ட. அன்றைக்கு எங்கள் செட்டுக்கு வருமுன்பே அவன் வேறு இடங்களில் வாங்கிக் குவித்துவிட்டான். ஒரு போத்தல் பிதுங்கி, மூடியடியில் கசிந்துகொண்டிருந்தது. ஒரு முழம் மேலே விளக்கு எரிந்தது. மாடியில் கிருபாவின் மகளுடைய பிள்ளைகள் இரண்டும் கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கிற சத்தம்.

வெள்ளிக்கிழமை விளக்கை அணைக்கிற பெண்ணல்ல மாலினி. வெறுங்கையை அந்தச் சுடரின் மேல் வைத்து அமத்தினாள். சதை பொசுங்கிய மணம் வந்தது. மேலே ஓடி, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் வீதிக்குக் கொண்டுபோய் விட்டாள். பிறகு திரும்பி வந்து வாசலில் கிடந்த கிருபாவின் செருப்பை எடுத்தாள். தன்னைவிடப் பத்து வயது மூத்த தமையனை, அப்பா செத்தபின் தன்னை வளர்த்தவனை, அந்தச் செருப்பால் முகத்தில் அடித்தாள். மூக்குக்கட்டு அவிழ்ந்து இரத்தம் வழிந்தது. நிறுத்தவில்லை. அவன் தடுக்கவும் இல்லை.

"பிள்ளையளை எரிக்கவோ சேர்த்து வைச்சனி? அந்த மனுசன் உன்ரை மூக்கை உடைச்சது போதாது."

"தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வாய்? அப்பாவை மறந்துபோனியோ? வீட்டிலை பெற்றோல் கிடந்திருந்தால் அந்தாள் செத்திருக்காது," என்றான் கிருபா. முகமெல்லாம் இரத்தம். அறுபது வயது மனிதன் சின்னப்பிள்ளைபோல அழுதான்.

எனக்கு மூளை வேலை செய்யவில்லை. பம்பில் பெற்றோல் எனக்குப் பழக்கம். வீட்டுக்குள் பெற்றோல் யாருக்குப் பழக்கமோ அவனுக்கே அடித்தேன். பதற்றத்தில் சத்தமாகப் பேசுகிற பொத்தானையும் அமத்திவிட்டேன். பிணையில் வீட்டிலிருந்த ஃபெமி எடுத்தான். விசயத்தைச் சொன்னேன். அவன் குரல் உயரவில்லை. "எல்லாரையும் ரோட்டுக்கு எடுங்கோ. ஒரு சுவிச்சையும் தொடாதேங்கோ, போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம். முன்கதவையும் பின்கதவையும் திறந்து விடுங்கோ. தீயணைப்புக்காரருக்கு வெளியிலை நிண்டு அடியுங்கோ." பிறகு கேட்டான்: "பிள்ளையள் எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்."

"வெளியிலை வந்திட்டினமோ? நீங்கள் கண்ணாலை பாக்கிறியளோ?"

"ஓம், பாக்கிறன்."

"ரெண்டு பேரையும்?"

"ரெண்டு பேரையும்."

தொலைபேசிக்குள் ஒரு மூச்சு வந்தது. மூச்சு அழுகையானதும் வைத்துவிட்டான். வாசலில் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற கிருபா எல்லாவற்றையும் கேட்டான். "ஏன் அவன் அழுறான்?" என்று என்னிடம் கேட்டான். வீதியில் நின்று, தீயணைப்பு வண்டி வருகிற வரையில், ஃபெமியின் மகளின் கதையைச் சொன்னேன். கிருபா பேரப்பிள்ளைகளின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தீயணைப்புக்காரர் அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர்களில் ஒருவர் கிருபாவை ஏசிய ஏச்சை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

6

மறுநாள் பொலிஸ்காரப் பெண் வால்தம்ஸ்டோ வீட்டுக்கு வந்தாள். நானும் சாட்சி என்பதால் கூட இருக்கக்கூடாதாம், குசினிக்குள் போகச் சொன்னாள். மாலினி கையில் கட்டோடு தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்கு எல்லாம் கேட்டது.

தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடிக்கட்டுமா என்று அவள் கேட்டாள். கிருபா, வேண்டாம், எனக்குச் சொல்ல ஒரு வசனம்தான் இருக்கிறது என்றான். அன்று நாலாம் பம்பில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"ஐ ஃபோல் டவுன், மேடம்."

அவள் விளங்காமல் திரும்பக் கேட்டாள். விழுந்துவிட்டேன் என்றான் திரும்பவும். நிலம் ஈரம், கால் வழுக்கியது. அவள் பொறுமையாகத் தன் கருவியில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். ஃபெமி கத்துவதும், அடி விழுவதும், சனத்தின் கூச்சலும் குசினி வரை வந்தது. முடியும்வரை அவன் பார்த்திருக்க வேண்டும்.

"இதில் உங்களை அடிப்பவர் யார், சேர்?"

"நோபொடி. ஐ ஃபோல் டவுன்."

யாராவது உங்களை வெருட்டினார்களா, பயப்படாமல் சொல்லுங்கள் என்றாள். கிருபா சிரித்தான். அந்த இரண்டு பல்லின் இடைவெளியால் வருகிற சிரிப்பு. எனக்குச் சத்தத்திலேயே தெரியும். "நோ மேடம். திஸ் டைம் நோபொடி." மாலினி தேத்தண்ணியைக் கலக்குவதை நிறுத்திவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

சில கிழமைக்குப் பிறகு, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று ஃபெமிக்கு அறிவித்தார்கள். வதிவிடப் பதில் இன்னும் வரவில்லை. அவனும் கிருபாவும் இன்றுவரை ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கிருபா எங்கள் செட்டுக்கு வருவான், வானின் தாங்கிக்கு மட்டும் டீசல் அடிப்பான். ஃபெமி காசை வாங்குவான், மிச்சத்தைக் கொடுப்பான். இருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அறிவித்தல் வந்த அன்றைக்கு ஃபெமி என்னைக் களஞ்சிய அறைக்குள் கூப்பிட்டான். "பாஸ், எனக்கு விளங்கேல்லை. லண்டன் முழுக்க அந்த வீடியோவைப் பாத்திருக்கு. அதைக் கண்ணுக்கு முன்னாலை போட்டுக் காட்டியும், விழுந்திட்டன் எண்டு எப்பிடி அந்தாளாலை சொல்ல ஏலுமாய் இருந்தது?"

"அவன் முந்தியும் ஒருக்கால் சொல்லியிருக்கிறான்," என்றேன்.